கல் வலி என்று விட்டுவிடாத அவசரப் பிரிவு

ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். விலா வலி என்றாலே சிறுநீரகக் கல்தான் என்று இருந்துவிடுகிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

என் தங்கைக்கு இடது விலாவுக்குக் கீழே திடீரென்று வலி. எங்கும் விழவில்லை, அடிபடவில்லை. முதலில் காட்டிய இடத்தில் கல்லாக இருக்கும் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தும் வலி அடங்கவில்லை. எழுந்து நின்றால் கண் இருட்டியது, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

இங்கே இரவுப் பணியில் இருந்த டாக்டரம்மா நாடி பிடித்ததுமே, "வெறும் கல் வலிக்கு பிரஷர் இப்படி இறங்காதும்மா" என்றார். அல்ட்ராசவுண்டில் சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் தெரிந்தது. ஆனால் எந்த ரத்தக்குழாயிலிருந்து கசிகிறது என்று அதில் பிடிபடவில்லை. உடனே ரத்தக்குழாய்கள் தெளிவாகத் தெரிவதற்கான மருந்து செலுத்தி சிடி ஆஞ்சியோ என்ற ஸ்கேன் எடுத்தார்கள். முன்பணம் கட்டிவிட்டு வாங்க என்று யாரும் தடுக்கவில்லை. இதற்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

ஸ்கேன் டாக்டர் என்னைத் திரைக்கு முன் உட்காரவைத்துக் காட்டினார். சிறுநீரகத்தில் ஒரு கட்டி இருந்தது; அதற்குள் கறுப்பாகத் தெரிந்தது கொழுப்பு. ஸ்கேனில் கொழுப்பின் அடர்த்தி அளவீடு மைனஸில் வரும். கொழுப்பு தெரிந்தால் பெரும்பாலும் ஆஞ்சியோமயோலிப்போமா, அதாவது ரத்தக்குழாய், தசை, கொழுப்பு சேர்ந்த கட்டி, புற்றுநோய் இல்லை என்றார். அந்தக் கட்டியின் ரத்தக்குழாய்கள் பலவீனமானவை, புடைத்து வெடிக்கும், 4 செ.மீ. தாண்டினால் ஆபத்து அதிகம், கர்ப்ப காலத்தில் இன்னும் அதிகம். சின்ன வயதில் வலிப்பு வந்ததா, முகத்தில் பரு மாதிரித் தடிப்புகள் உண்டா என்றும் விசாரித்தார். டியூபரஸ் ஸ்க்லீரோசிஸ் என்ற பரம்பரை நோய் இருந்தால் இதே கட்டிகள் இரண்டு பக்கமும் வருமாம். நல்லவேளை, அவளுக்கு அது இல்லை.

அந்த இரவே தொடை வழியாகக் குழாய் விட்டு, கசிந்த ரத்தக்குழாயை மட்டும் அடைத்தார்கள். சிறுநீரகத்தை எடுக்கவில்லை. ரிப்போர்ட்டில் 'வுண்டர்லிக் சிண்ட்ரோம்' என்று எழுதியிருந்தது. அடிபடாமலே சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டுவதற்கு அந்தப் பெயர்; 1856-இல் விவரித்த ஜெர்மன் டாக்டரின் பெயராம்.

குறை ஒன்றுதான். கூட வந்தவர்கள் உட்கார நாற்காலி போதாது. என் அம்மா வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தார். நிர்வாகம் கவனிக்க வேண்டும்.

உறைந்த ரத்தம் வற்றிய பிறகு, அதற்கடியில் வேறு கட்டி ஏதும் மறைந்திருக்கிறதா என்று பார்க்க மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் இங்கேதான் வருவோம். வருகிறவர்கள் பழைய ஸ்கேன் பதிவுள்ள சிடி வட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள், ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்கிறார்கள்.