ஐந்து ஆண்டுகளாக என்னிடம் உள்ள சிறிய லேத்

மேசை மேல் வைக்கும், 40 கிலோ அளவு எடையுள்ள சிறிய லேத் அது; உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம். வாங்கிய முதல் ஆறு மாதம் அதன் மேல் எனக்கு மனக்குறைதான். எதைக் கடைந்தாலும் ஒரு முனை பருத்து, மறுமுனை சிறுத்து வந்தது. 25 மி.மீ. விட்டமுள்ள கம்பி ஒன்றை, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கின் துணை இல்லாமல், சக்கில் (பொருளைக் கவ்விச் சுழற்றும் பிடியில்) பிடித்து, 100 மி.மீ. வெளியே நீட்டி, மிக மெல்லிய வெட்டாக ஓட்டி, மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்தேன். சக்கின் அருகே இருந்ததைவிட வெளிமுனை 0.06 மி.மீ. கூடுதல். இயந்திரமே கோணல் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கோணல் என் மேசையில் இருந்தது. பலகை சமமாக இல்லை. அதன் மேல் நான்கு போல்ட்களையும் பலம்கொண்ட மட்டும் இறுக்கியிருந்தேன். வார்ப்பிரும்புதானே, அசையாது என்று நினைத்தது தவறு. ஈரத்துணியைப் பிழிவதுபோல் பெட்டும் (லேத்தின் நீண்ட அடித்தளமும்) முறுகியிருந்தது. டெயில்ஸ்டாக் பக்கத்தின் முன்கால் தாழ்ந்திருந்ததால், வெட்டும் கருவி அந்த முனையை நெருங்க நெருங்க அச்சைவிட்டு என் பக்கமாக விலகியது. குளிர்பானக் கேனை வெட்டித் தட்டையாக்கிய தகடுகளை அந்தக் காலின் அடியில் ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொரு முறையும் கடைந்து அளந்தேன். இரண்டு மாலைப்பொழுதுகள் போயின. வேறுபாடு 0.01 மி.மீ.க்கு இறங்கியபோது கிடைத்த நிறைவை இன்றும் மறக்கவில்லை. மரம் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும். அதனால் ஆண்டுக்கு இருமுறை இதே சோதனையைச் செய்கிறேன்.

எண்ணெய் விஷயத்தில் நான் செய்த தவறு இன்னும் பெரியது. முதல் ஓராண்டு பெட்டுக்குத் தையல் இயந்திர எண்ணெயைத்தான் விட்டேன். அது நீர்த்தது, வழிந்து ஓடிவிடும். கருவியைச் சுமந்து பெட்டின் மேல் ஓடும் கேரேஜ் மெதுவாக நகரும்போது திக்கித் திக்கிப் போகும்; பொருளின் மேல் அந்தத் திக்கல் வரி வரியாகத் தெரியும். சறுக்குப் பரப்புகளுக்கென்றே விற்கும் 68 என்ற பிசுபிசுப்புத் தர ஸ்லைடுவே ஆயிலுக்கு மாறிய அன்றே கைப்பிடியின் உணர்வு மாறியது. அந்த எண்ணெய் பரப்பைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. வேலை தொடங்கும் முன் பழையதைத் துடைத்துவிட்டுச் சில சொட்டு விட்டால் போதும். துடைக்காமல் மேலேயே விட்டால், பழைய எண்ணெயில் இருக்கும் இரும்புத்தூளையும் சேர்த்தே கேரேஜின் அடியில் தள்ளுகிறோம். பெட்டில் கிரீஸ் தடவவே வேண்டாம். உலோகச் சீவல்கள் ஒட்டிக்கொண்டு அரத்தைப் போல் அராவும். பல்சக்கரங்களுக்கு மட்டும் மெல்லிய பூச்சாக கிரீஸ் வைக்கிறேன்.

ஒருமுறை பெட்டை மூடாமல் அராவும் தூள் ஒட்டிய எமரித் தாளால் ஒரு தண்டை மெருகேற்றினேன். பிறகு கேரேஜைக் கழற்றியபோது அடியில் சாம்பல் நிறக் களிம்பு அப்பியிருந்தது. பார்க்கவே வயிறு கலங்கியது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினேன். இப்போது எமரியைக் கையில் எடுக்கும் முன் பெட்டின் மேல் தாளை விரித்துவிடுகிறேன். சுத்தம் செய்வது தூரிகையால்தான், அதுவும் மோட்டார் நின்ற பிறகு. காற்றுக்குழாயால் ஊதினால் துகள்கள் இடுக்குகளுக்குள் புகுந்துவிடும்.

நகரும் பாகங்களின் தளர்வைச் சரிசெய்யும் ஜிப் திருகுகளை நகர்வு இறுகும்வரை திருகி, பிறகு இம்மியளவு தளர்த்திப் பூட்டுநட்டை இறுக்க வேண்டும். துண்டிக்கும்போது அதிர்வு வந்தால் நான் முதலில் பார்ப்பது அங்கேதான். மூடி வைக்கப் பருத்தித் துணிதான் நல்லது. பிளாஸ்டிக் உறையைப் போட்டு, உள்ளே ஈரம் கோத்து, சக்கில் துரு பூத்ததை ஒரு மழைக்காலத்தில் கண்டேன்.

ஐந்து ஆண்டு உழைப்பில் கருவியைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் நட்டு தேய்ந்திருக்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் 0.2 மி.மீ. வெற்றாகச் சுற்றிய பிறகே ஸ்லைடு நகர்கிறது. எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்து சமாளிக்கிறேன். மாற்று நட்டுக்கான வெண்கலத் துண்டு இப்போது இதே லேத்தின் சக்கில்தான் இருக்கிறது.