மூன்றாவது பெடல்

‘பொதுமக்கள் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால், கார் ஆர்வலர்கள் சிலருக்கு மட்டும் காட்டுகிறோம், ஞாயிறு காலை எட்டரைக்கு வந்துவிடுங்கள்’ என்று பூந்தமல்லிப் பக்கத்து ஷோரூம் ஒன்றிலிருந்து போன் வந்தது. கார், ஹூண்டாய் ஐ20 ‘என் லைன்’. என் பெயர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, விடிவதற்கு முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பி, மாமல்லபுரத்தில் பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பும் ஒரு கூட்டம் இருக்கிறது. பதினோரு ஆண்கள், நான் ஒருத்தி. அந்தப் பட்டியலை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

நான் ஓட்டுவது 2003 மாடல் ஃபியட் பேலியோ, 1.6 லிட்டர் என்ஜின். நூறு குதிரைத்திறன் என்று அப்பா அதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லியே வாங்கினார். அவர் போய்விட்டார், கார் என்னிடம் இருக்கிறது. அதற்கு ஒரு கதவுக் கைப்பிடி வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் அரை நாள் அலைய வேண்டும். அப்படிப்பட்டவளுக்குப் புதுக் கார் ஒன்றை முதலில் காட்டுகிறோம் என்று யாராவது சொன்னால் கால் தரையில் நிற்குமா?

தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஸ்கூட்டரோடு சரி. ஷோரூமில் கொடுக்கும் காபிக்காக வந்தான். கண்ணாடிக் கதவைத் திறந்த இளைஞர் என்னைத் தாண்டி அவனிடம் கை நீட்டினார். “வாங்க சார், மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா, எது பார்க்கிறீர்கள்?” தம்பி என்னைக் கை காட்டினான். இளைஞர் என்னைப் பார்த்துச் சிரித்து, “மேடம் பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்கலாமே, இடம் நன்றாக இருக்கும்” என்றார். அழைப்பு என் பெயருக்கு வந்தது என்பதை நான் சொல்ல, அவர் கையிலிருந்த தாளைப் பார்க்க, அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். கேள்விகளை மட்டும் கடைசிவரை தம்பியிடம்தான் கேட்டார்.

காருக்கு வருவோம். அதற்கு முன் பெயர். ‘என்’ என்பது தென் கொரியாவில் அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடம் இருக்கும் நம்யாங்குக்கும், ஜெர்மனியில் கார்களைப் பிழிந்து சோதிக்கும் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்துக்கும் பொதுவான முதல் எழுத்து. தமிழில் எழுதினால் ‘என்னுடைய லைன்’ என்று படிக்கிறது. அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஐரோப்பாவில் விற்ற ஐ20 ‘என்’ வேறு, இங்கே விற்கும் ‘என் லைன்’ வேறு. அது 1.6 லிட்டர் டர்போ (புகைக் காற்றின் வேகத்தில் சுழன்று, என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி), 204 பிஎஸ், அதாவது குதிரைத்திறன். இது 998 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ, 120 பிஎஸ், இழுவை 172 நியூட்டன் மீட்டர். உலக ராலிப் போட்டியில் 2019, 2020 இரண்டு ஆண்டும் ஐ20 பெயர் தாங்கிய காரால் அந்த நிறுவனம் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது உண்மை. அந்தக் காருக்கும் இதற்கும் உள்ள உறவு, ஊர்ப் பெரிய மனிதருக்கும் அவருடைய ஒன்றுவிட்ட பேரனுக்கும் உள்ள உறவு.

இது எனக்கு இரண்டாவது அழைப்பு. 2021 ஆகஸ்ட் கடைசியிலும் இதே காரின் முதல் வடிவத்தைக் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். முகக்கவசம், நெற்றிக்கு நேரே வெப்பமானி, ஒரு நேரத்தில் ஐந்து பேர் என்ற காலம் அது. நீல நிறத்தில் காரைப் பார்த்ததும் விழுந்துவிட்டேன். கதவைத் திறந்து உட்கார்ந்து இடது காலை நீட்டினால், அழுத்த எதுவும் இல்லை. கியர் கோல் இருக்கிறது, அதன் தலையில் ஆறு கியரின் படம் இருக்கிறது, கிளட்ச் பெடல் மட்டும் இல்லை.

ஐஎம்டி என்று அதற்குப் பெயர். கியர் கோலை அசைத்ததும் அதிலுள்ள சென்சார் கணினிக்குச் சொல்கிறது. கணினி ஹைட்ராலிக் அமைப்பை ஏவி கிளட்சை விலக்குகிறது, கியர் விழுந்ததும் மறுபடி சேர்த்துவிடுகிறது. அண்ணா சாலையில் மாலை ஆறு மணிக்கு முழங்கால் வலியோடு வீடு திரும்புகிறவருக்கு இது வரப்பிரசாதம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதியை ஏன் இந்தக் காரில் வைத்தார்கள்? கியர் இறக்கும்போது கிளட்சை எந்த நொடியில் விடுவது என்பதில்தானே என்னைப் போன்றவர்களுக்கு ருசி இருக்கிறது? மற்றொரு வடிவம் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக். ஆக, ஆர்வலர்களுக்கான கார் என்று சொல்லி வந்த இரண்டு வடிவத்திலும் இடது காலுக்கு வேலை இல்லை. பத்து நாள் கழித்து ஓட்டக் கொடுத்தபோது, பழக்கதோஷத்தில் என் இடது கால் கிளட்சைத் தேடிப் போய் அகலமான பிரேக் பெடலில் இறங்கியது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் என் வம்சத்தையே விசாரித்தார். சமையலறையில் உட்கார வைத்து, வாசனை மட்டும் பிடித்துக்கொள் என்று சொன்னது போல இருந்தது. முன்பதிவு செய்யாமல் வந்துவிட்டேன்.

2023 செப்டம்பரில் வந்திருக்கும் மாற்றப்பட்ட காரில் ஐஎம்டியை எடுத்துவிட்டு, ஆறு கியர் மேனுவலைக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பெடல். உலோக மேற்பூச்சு, நடுவே கறுப்பு ரப்பர்ப் புள்ளிகள். முதலில் குனிந்து அதைத்தான் பார்த்தேன். என்னைவிட இளைய ஒருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பெடலுக்குப் புகைப்படம் எடுக்கும் காலம் வந்துவிட்டது.

வெளித்தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்பக்கம் கூர்மையாகியிருக்கிறது, பக்கவாட்டில் சிவப்புக் கோடு ஓடுகிறது, பின்னால் இரட்டை சைலன்சர் குழாய். 16 அங்குலச் சக்கரங்களுக்கு உள்ளே சிவப்பு பிரேக் காலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம், தெரிகிறது. சிவப்புச் சாயத்தால் கார் நிற்காது. ஆனால் இந்தக் காரில் பின்சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்திருக்கிறார்கள். இந்த விலைக் காரில் பெரும்பாலும் பின்னால் டிரம்தான் இருக்கும். உள்ளே முழுக் கறுப்பு, ஆங்காங்கே சிவப்பு நூல் தையல். ஸ்டீயரிங் மட்டும் கையை விட்டு எடுக்க மனம் வராத கனத்தில், துளையிட்ட தோலில் இருக்கிறது. பாடல் கேட்பவர்களுக்கு போஸ் ஒலிபெருக்கிகள் உண்டு. நான் கேட்டுப் பார்க்கவில்லை.

ஓட்டக் கொடுத்த தடத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கார் செய்யப்படுவது இருங்காட்டுக்கோட்டையில். ஷோரூமிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் தொலைவில்லை. அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் 1990இல் திறந்த பந்தயத் தடமும் இருக்கிறது. அதற்கு முன்பு பந்தயமென்றால் சோழவரம் பழைய விமான ஓடுதளம். பத்து வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அங்கே பார்த்த தூசியும் பெட்ரோல் வாசனையும் இன்னும் மூக்கில் இருக்கிறது. ஆக, காரும் அந்த ஊர், தடமும் அந்த ஊர். ‘ஆர்வலர்களுக்கு மட்டும்’ என்று அச்சடித்த அழைப்பிதழுடன் எங்களை அவர்கள் கூட்டிப்போனது எங்கே? வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோடு. எதிரே, தவறான பக்கத்தில், தண்ணீர் லாரி.

அதுவும் ஒரு வகையில் நல்லதுதான். நாம் அன்றாடம் ஓட்டப்போவது அந்தச் சாலையில்தானே.

கிளட்ச் வெண்ணெய் போல இருக்கிறது. என் பேலியோவின் கிளட்சோடு ஒப்பிட்டால் இது கிளட்சே இல்லை, குறும்பு. முதல் முறை அந்த லேசு தெரியாமல் சட்டென்று விட்டு, வண்டியைக் குலுக்கிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, “பழகிவிடும் சார்” என்று தம்பிக்கு ஆறுதல் சொன்னார். கியர் கோல் சிறியது, அடுத்த கியரில் சுத்தமாக விழுகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும்.

இழுவை, என்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுழற்சியில் ஓடும்போதே முழுதாகக் கிடைத்துவிடும் என்கிறது தொழில்நுட்பத் தாள். காலுக்கு அப்படித் தெரியவில்லை. இரண்டாயிரத்துக்குக் கீழே என்ஜின் ‘கேட்கிறது, வருகிறேன்’ என்கிறது. அதைத் தாண்டியதும் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியது போல ஒரு வேகம் வருகிறது. இங்கேதான் அந்தப் பெடல் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. ஐஎம்டியில் இந்த இடைவெளியைக் கணினியின் விருப்பத்துக்கு விட வேண்டியிருந்தது. இப்போது ஒரு கியர் இறக்கி, ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டி, கிளட்சை விட்டால் டர்போ ஏற்கெனவே விழித்திருக்கிறது. மேம்பாலத்தின் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இதை நான்கு முறை செய்து பார்த்தேன். நான்காவது முறை காரணம் எதுவும் இல்லை.

சைலன்சர் சத்தத்தைப் பற்றி விளம்பரம் நிறையப் பேசுகிறது. வெளியே நிற்கிறவருக்கு நன்றாகக் கேட்கிறது. உள்ளே, மூன்று சிலிண்டர் என்ஜின் மூன்று சிலிண்டர் என்ஜின்தான். தொண்டை கட்டிய பாகவதர் கமகம் போடுவது போல ஒரு முயற்சி. கெட்டுப்போகவில்லை, ஆனால் என் நான்கு சிலிண்டர் ஃபியட் ஐயாயிரத்தைத் தாண்டும்போது போடும் கூச்சலுக்குப் பக்கத்தில் வராது. இது பாரபட்சம் என்று எனக்கே தெரியும்.

இந்தக் காரின் உண்மையான சரக்கு வளைவில் இருக்கிறது. சாதாரண ஐ20ஐவிட சஸ்பென்ஷனை இறுக்கியிருக்கிறார்கள், ஸ்டீயரிங்கின் கனத்தையும் கூட்டியிருக்கிறார்கள். நசரத்பேட்டையில் சர்வீஸ் ரோட்டிலிருந்து மேலே ஏறும் வளைவில், மழைக்குப் பின் மணல் ஒதுங்கிக் கிடந்தது. கொஞ்சம் அதிகமான வேகத்தில்தான் உள்ளே விட்டேன். கார் உடம்பை ஒரு பக்கம் சாய்க்காமல், திருப்பிய இடத்தில் திரும்பி, மணலில் ஒரு விரல் அளவு வழுக்கி, தானே நிமிர்ந்தது. தம்பியின் காபிக் கோப்பையில் ஒரு சொட்டு சிந்தவில்லை (கோப்பையோடு காரில் ஏறியிருக்கிறான், பிறகுதான் கவனித்தேன்). அந்த இரண்டு நொடிக்காக இந்தக் காரை வாங்கலாம்.

இறுக்கத்துக்கு விலை உண்டு. பாளம் பாளமாகக் கான்கிரீட் போட்ட உள்சாலைகளில் ஒவ்வொரு இணைப்பையும் இடுப்பு எண்ணுகிறது. வேகத்தடையில் மெதுவாக ஏறினால் தொல்லை இல்லை. அவசரப்பட்டால் பின்சீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அம்மா போன்ற வயதானவர்களைத் தினமும் கோயிலுக்குக் கூட்டிப்போக இதை வாங்குகிறவர்கள் ஒரு முறை அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் ஓட்டிப் பாருங்கள். ஆறு ஏர்பேக், ஐந்து இருக்கைக்கும் மும்முனை சீட் பெல்ட், டிக்கியில் 311 லிட்டர் இடம் எல்லாம் இருக்கின்றன. குடும்பக் காராகவும் பிழைத்துக்கொள்ளும்.

2023இல் வந்தபோது விலை 9.99 லட்சத்தில் தொடங்கியது, அது ஷோரூம் விலை. உயர்ந்த ஆட்டோமேட்டிக் வடிவம் 12 லட்சத்தைத் தாண்டியது. சாலைவரி, காப்பீடு எல்லாம் சேர்ந்து சாலைக்கு வரும்போது கணக்கு வேறு. பத்து லட்சத்துக்கு ஃபியட்டின் 145 பிஎஸ் புன்டோ அபார்த் 2015இல் கிடைத்தது என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் ஒவ்வொரு முறையும் சொல்வார், இம்முறையும் சொன்னார். 2018இல் டாடாவும் கோயம்புத்தூர் ஜெயெம் நிறுவனமும் சேர்ந்து டியாகோ ஜேடிபி என்ற காரைச் செய்தார்கள், 114 பிஎஸ், ஏழு லட்சத்துக்கும் குறைவு. இரண்டும் இன்று விற்பனையில் இல்லை. ஃபோக்ஸ்வேகன் போலோவும் போய்விட்டது. கையில் காசோடு, இடது காலுக்கும் வேலை வேண்டுமென்று ஷோரூமுக்குள் நுழைகிறவருக்கு இன்று வரிசை மிகச் சிறியது, அந்த வரிசையில் முன்னால் நிற்பது இது. எடுப்பதானால் அடிப்படை வடிவத்தை மேனுவலில் எடுங்கள். என்ஜின், சஸ்பென்ஷன், நான்கு டிஸ்க் எல்லாம் அதிலும் அதேதான். மிச்சப்படும் காசுக்கு நல்ல டயர் போட்டுக்கொள்ளலாம்.

நான் எடுத்தேனா? பேலியோவுக்கு முதலில் ஒரு வாங்குபவர் வேண்டும், அவர் ஒழுங்காக வைத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையும் வேண்டும். மூன்று பேர் வந்து பார்த்தார்கள், மூன்று பேரையும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஷோரூம் இளைஞர் வாரம் தவறாமல் போன் செய்கிறார். “சார் முடிவெடுத்துவிட்டாரா மேடம்?” என்று கேட்கிறார். தம்பி போன வாரம் எல்எல்ஆர் எடுத்திருக்கிறான்.