கீழ்ப் பல்செட்டும் ஒரு நைலான் வளையமும்: ஆறு வருட அனுபவம்

போன வாரம் கோவில்பட்டியிலிருந்து நாத்தனார் போன் போட்டாள். "மதினி, கீழ்ப்பல் எல்லாத்தையும் எடுத்தாச்சு. ரெண்டு இம்ப்ளாண்ட் வச்சு அதுமேல செட்டை மாட்டிக்கிடலாம்னு டாக்டர் சொல்லுதாரு. நீங்க இத்தனை வருசமா போட்டிருக்கியளே, எப்படி இருக்கு?"

அவள் கேட்ட நேரம் என் கீழ்ச்செட்டு டப்பாத் தண்ணீரில் கிடந்தது. தாடை எலும்பில் பதித்த இம்ப்ளாண்ட் திருகைக் கவ்விச் செட்டைப் பிடித்துவைக்கும் வலப்பக்க நைலான் வளையம் கிழிந்து பதினேழு நாள். போட்டால் ஒரு பக்கம் தூக்குகிறது, ஈறில் உரசிப் புண்ணாகிவிட்டது. "பிறகு பேசுறேன் தாயி" என்று வைத்துவிட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

இம்ப்ளாண்ட் வைப்பதற்கு முன் இரண்டு வருடம் சாதாரணச் செட்டுதான். மேல்செட்டு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், இன்றும் எனக்கு மேலே அதுதான். கீழே அந்தப் பிடிமானம் கிடையாது. நடுவில் நாக்கு, சுற்றிலும் மெலிந்த ஈறு. பல் போன தாடை எலும்பு வருடா வருடம் கரையும், அதுவும் கீழ்த்தாடை மேல்தாடையை விட வேகமாகக் கரையும். வாயைத் திறந்தாலே செட்டு மிதக்கும். முப்பத்தோரு வருடம் வகுப்பில் சத்தமாகப் பாடம் நடத்தியவள் நான். கல்யாண வீடுகளில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினேன்.

2019இல் கீழ்த்தாடையில், கோரைப்பல் இருந்த இடங்களில், இரண்டு டைட்டானியம் திருகுகள் வைத்தார்கள். எலும்பு டைட்டானியத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் என்பதைச் சுவீடனைச் சேர்ந்த மருத்துவர் பிரோனமார்க் 1950களில் முயல்களை வைத்துச் செய்த ஆய்வில் கண்டார். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளாண்ட் வைத்த செட்டையே முதல் தேர்வாகக் கொள்ள வேண்டும் என்று 2002இல் மாண்ட்ரீல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். ஆகவே டாக்டர் சொல்வது வியாபாரப் பேச்சு இல்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் கை வைத்தார்கள், பிறகு மூன்று மாதம் காத்திருப்பு. வலி, பல் பிடுங்கிய வலியைவிடக் குறைவுதான்.

செட்டை வைத்து அழுத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகவே எத்தனை முறை கழற்றி மாட்டினேன் தெரியுமா? நல்லாச் சாப்பிடலாம் என்றுதான் போனேன். முறுக்கு, முருங்கைக்காய் எல்லாம் ஆயிற்று. நாத்தனார் கொண்டுவரும் கடலைமிட்டாயை மட்டும் உடைத்து வாயில் ஊறவைத்துத்தான் தின்கிறேன். ஆனால் நான் எதிர்பாராதது வேறு. ஒரு நாள் பேத்திக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது பார்க்கிறேன், இரண்டு கையும் மடியில் இருக்கிறது. வாயைப் பொத்திய கை எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை.

சுத்தம் செய்வது பெரிய வேலை இல்லை. தக்காளி விதை அடியில் புகுந்தால் கழற்றிக் கழுவ வேண்டும். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீர் ஆகாது, செட்டு கோணிவிடும். பற்பசை கீறல் போடும், சோப்பும் மெல்லிய பிரஷும் போதும். திருகைச் சுற்றியுள்ள ஈறையும் தினமும் துலக்க வேண்டும்.

இனி அந்த வளையம். செட்டின் அடியில் இரண்டு சின்ன உலோகக் கிண்ணம், அவற்றுக்குள் நைலான் வளையம். அது திருகின் தலையைக் கவ்வுவதால்தான் 'டக்'. என்னுடைய வகையில் நிறமில்லாதது அதிக இறுக்கம், பிங்க் நடுத்தரம், நீலம் லேசு. நைலான் தேயத்தான் செய்யும், தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே செய்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது, வருடத்துக்கு ஒரு தரமாவது மாற்ற வேண்டிவரும் என்று பணம் வாங்கியபோது ஒருவரும் சொல்லவில்லை. எந்தக் கம்பெனித் திருகு என்று ஒரு சீட்டுகூடத் தரவில்லை. மூன்று வருடத்தில் அந்தக் கிளினிக்கை மூடிவிட்டார்கள். வேறு இடங்களில் முதல் கேள்வியே "எந்தக் கம்பெனிம்மா?" என்பதுதான். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், ஒன்றின் வளையம் இன்னொன்றில் உட்காராது. எக்ஸ்ரே எடுத்து, திருகின் உருவத்தைப் பார்த்து, மூன்றாவது டாக்டர்தான் கண்டுபிடித்தார். அதற்கப்புறமும் ஒவ்வொரு முறையும் வளையம் சென்னையிலிருந்து வர வேண்டும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன சாமானுக்காக அறுபத்தெட்டு வயதில் பதினேழு நாள் கஞ்சி குடித்தேன். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வியாழக்கிழமை வளையம் வந்தது. மாட்டினார்கள், 'டக்'. வீட்டுக்கு வந்து அப்பளம் பொரித்துத் தின்றுவிட்டு நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

"அப்ப போட்டுக்கிடட்டுமா மதினி?"

"இப்ப வேண்டாம் தாயி. கம்பெனி பேரு, அளவு எல்லாம் எழுதி ஒரு சீட்டு தருவாரா, வளையத்தை ஊருலயே வச்சிருப்பாரான்னு முதல்ல கேளு. ரெண்டுக்கும் ஆமான்னு சொன்னா பாக்கலாம். இல்லேன்னா சாதாரணச் செட்டே போட்டுக்க."

"நீங்க அதைக் கழத்திட்டு சாதாரணச் செட்டுக்குப் போவீயளா?"

"மாட்டேன்."