அம்மா போனுக்கு அன்லிமிடெட், என் லேப்டாப்புக்கு 15 ஜிபி

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் பிளேனோ நகரில் வீடு மாறினோம். புது வீட்டுக்கு இன்டர்நெட் லைன் வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். எனக்கோ முழுக்க வீட்டிலிருந்துதான் வேலை. எனக்கும், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கும் சேர்த்து இரண்டு எண்ணுக்கு மாதம் 110 டாலர் கட்டி ‘அன்லிமிடெட்’ பிளான் வைத்திருக்கிறேன். சரி, ஒன்பது நாளையும் ஹாட்ஸ்பாட்டிலேயே ஓட்டிவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மதியம், மீட்டிங் நடுவே லேப்டாப்பில் எல்லாம் நின்றுபோனது. போனில் வேகத்தைச் சோதித்தால் 180 எம்பிபிஎஸ். லேப்டாப்பில் 0.6. அதே சிம், அதே டவர். சோபாவில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "என் போன்ல நல்லாத்தானே வருது, இதுல வேலையைப் பாரேன்டி" என்று தன் போனை நீட்டினார்.

கஸ்டமர் கேர் சாட்டில் பதில் உடனே வந்தது. ஹாட்ஸ்பாட்டுக்கு மாதம் 15 ஜிபி வரைதான் முழு வேகம், அதன் பிறகு 600 கேபிபிஎஸ், அதாவது நான் பார்த்த அதே 0.6 எம்பிபிஎஸ். அந்த வேகத்தில் ஒரு ஜிபி இறங்க மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். முந்தின இரவு விண்டோஸ் அப்டேட் தானாக இறங்கியதில் பெரும்பகுதி கரைந்திருந்தது.

எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி வேறு. லேப்டாப் டேட்டாவும் என் போன் வழியாகத்தானே வெளியே போகிறது, இது லேப்டாப்புடையது என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? நெட்வொர்க் வேலையில் இருக்கும் அலுவலக நண்பர் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து விளக்கினார். முதலில் போனில் ஏபிஎன் பக்கத்தை, அதாவது போன் எந்த வழியாக இணையத்தில் சேர வேண்டும் என்று குறித்திருக்கும் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். அங்கே ‘டியூஎன்’ என்று ஒரு வகை இருந்தது. டயல்-அப் நெட்வொர்க்கிங் என்பதன் சுருக்கம், மோடம் காலத்துப் பெயர். போன் கம்பெனி அப்படி அமைத்திருந்தால், ஹாட்ஸ்பாட்டைப் போட்டதும் ஆண்ட்ராய்டு அந்த டேட்டாவைத் தனி இணைப்பு வழியாக அனுப்பும். அதாவது, நம் போனே பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

அப்படி அமைக்காத இடத்திலும் டிடிஎல் என்ற எண் காட்டிக்கொடுத்துவிடும். டேட்டா இணையத்தில் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகத்தான் போகும், ஒவ்வொரு பாக்கெட்டிலும் இந்த எண் உண்டு. வழியில் தாண்டும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். ஆண்ட்ராய்டும் ஐபோனும் 64-இல் தொடங்கும், விண்டோஸ் 128-இல் தொடங்கும். ஹாட்ஸ்பாட் போட்டதும் போனே ஒரு ரவுட்டர் ஆகிவிடுவதால், லேப்டாப்பின் பாக்கெட் 127 ஆகக் குறைந்து வெளியேறும். மேக் என்றால் 63. போனிலிருந்து நேராக வந்திருந்தால் 64 இருக்க வேண்டுமே! ஒரே ஒரு எண் குறைந்ததில் பிடிபட்டுவிடுகிறது.

இது போக, விண்டோஸ் லேப்டாப் வைஃபையில் சேர்ந்த உடனே இணையம் இருக்கிறதா என்று மைக்ரோசாஃப்ட் சர்வர் ஒன்றைக் கேட்டுப் பார்க்கும். போன் அந்த சர்வரைக் கேட்காது. லேப்டாப்பில் டேட்டாவை மறைத்து அனுப்பும் விபிஎன் போட்டால் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது மறையும், ஆனால் வெளி உறையில் இருக்கும் 127 மறையாது. டிடிஎல்லை மாற்றி வைக்கும் வழிகளையும் சிலர் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டதை மீற எனக்கு மனம் வரவில்லை.

இந்த நாட்டில் இது பழைய வழக்கு. போன் டேட்டாவை லேப்டாப்புக்குப் பகிரும் டெதரிங் ஆப்கள் கூகுளின் ஆப் கடையில் தன் வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்காமல் வெரைசன் என்ற போன் கம்பெனி தடுத்தது என்ற புகாரை, தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்சிசி விசாரித்தது. 2012 ஜூலையில் வெரைசன் 12.5 லட்சம் டாலர் கட்டி அதை முடித்துக்கொண்டது. அதன்பின் இத்தனை ஜிபி என்று அளவு குறித்த பிளான் வைத்திருந்தவர்கள் தனிக் கட்டணம் இல்லாமல் அந்த ஆப்களைப் பயன்படுத்த முடிந்தது. அன்லிமிடெட் பிளான்களில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி எல்லை போடுவது இன்றும் தொடர்கிறது.

எல்லை வைப்பதை நான் குறை சொல்லவில்லை. ஒரு டவரின் அலைவரிசையைப் பலர் பகிர்கிறார்கள், லேப்டாப் இழுப்பதும் அதிகம். ஆனால் ‘அன்லிமிடெட்’ என்பதை ஆளுயர எழுத்தில் போட்டுவிட்டு 15 ஜிபியைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போடுவது நியாயமே இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு அந்த ஒரு வரிதான் பிளானே.

சிக்னலுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். வீட்டின் பின் அறையில்கூட அறுந்ததில்லை. பிளானுக்கு இரண்டுதான். இதே மாதிரி பிளான் வாங்குகிறவர்கள் ஹாட்ஸ்பாட்டுக்கு முழு வேகத்தில் எத்தனை ஜிபி, அது தீர்ந்தால் என்ன வேகம் என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள். ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்ததுமே விண்டோஸில் அந்த வைஃபையை ‘மீட்டர்டு கனெக்ஷன்’ என்று குறித்துவிடுங்கள், பெரிய அப்டேட்கள் தானாக இறங்காது. மீதி ஆறு நாளும் நான் காலை எட்டு மணிக்கே நூலகத்து வாசலில் போய் நின்றேன்.