தவளை ரத்தத்துக்கு மனிதப் பெயர்: ஓர் ஸ்லைடு பெட்டியின் கதை

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு மாலையில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். செல்களைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து அலுத்துப்போய், 25 ஸ்லைடுகள் அடங்கிய மரப்பெட்டி ஒன்றை 1,400 ரூபாய்க்குத் தருவித்தேன். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. காரணம் அடுத்த வரியிலேயே இருக்கிறது.

'மனித ரத்தம்' என்று ஒட்டியிருந்த ஸ்லைடை நுண்ணோக்கியில் 400 மடங்கில் வைத்தேன். முதலில் பார்த்த பெண், "டீச்சர், எல்லாச் சிவப்பணுவிலும் நியூக்ளியஸ் இருக்கிறதே!" என்றாள். எட்டிப் பார்த்தால் முட்டை வடிவச் செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஊதா நிறப் பொட்டாக உட்கரு (நியூக்ளியஸ்). மனிதச் சிவப்பணுவில் அது இருக்கக் கூடாதே. "ஒட்டகமாக இருக்குமோ?" என்றான் ஒருவன். கெட்டிக்காரக் கேள்விதான். ஒட்டகத்தின் சிவப்பணுவும் நீள்வட்டம்; ஆனால் பாலூட்டி என்பதால் அதிலும் உட்கரு கிடையாது. 'தவளை ரத்தம்' ஸ்லைடை மாட்டியதும் குட்டு வெளிப்பட்டது. லேபிள் இடம் மாறியிருக்கிறது. அங்கே இருந்தவைதான் நம்முடையவை: ஏழெட்டு மைக்ரான் அகலத்தில், நடுவில் வெளிறிய வட்டங்கள். உட்கருவை இழந்து, அந்த இடத்தையும் ஹீமோகுளோபினுக்கே விட்டுக்கொடுத்தவை. கூட்டத்தில் வெள்ளையணுவைத் தேடிப் பிடிக்கத்தான் பத்து நிமிடம் ஆனது; சுமார் 700 சிவப்பணுவுக்கு ஒன்றுதானே இருக்கும். கிடைத்ததோ மூன்று மடல் உட்கருவுடன் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளையணு. நான் திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு நல்ல பாடம் அமைந்திருக்காது.

இலைத்தோல் ஸ்லைடு அருமை. இலைத்துளைகளின் இருபுறமும் அவரை விதை போன்ற காப்புச் செல்கள் இரண்டிரண்டாக நிற்கின்றன. துளைப் பக்கச் சுவர் தடித்திருப்பதுகூடத் தெரிகிறது. நீர் நிரம்பும்போது அவை வெளிப்பக்கம் வளைந்து துளை திறப்பது ஏன் என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். வரித்தசையில் ஒளியைக் குறைத்த பிறகே குறுக்குக் கோடுகள் எழுந்தன. ஓர் இழையில் பல உட்கருக்கள் ஓரமாக ஒதுங்கியிருப்பதும் தெளிவு.

நரம்புச் செல் ஸ்லைடுதான் காசைக் கரியாக்கியது. சாயம் அப்பிக் கிடக்கிறது. நீண்ட கிளை எங்கே என்று கேட்டவளுக்குப் பழையபடி கரும்பலகையில்தான் காட்டினேன். மாற்றி அனுப்புவதாகச் சொல்லி மூன்று வாரமாகிறது.

வாங்கலாமா? லேபிளை நம்பாமல் பார்க்கத் தெரிந்தவர்கள் வாங்கலாம். 40 என்று பொறித்த லென்ஸில் இருக்கும்போது மட்டும், குவியம் சரிசெய்யும் பெரிய திருகைப் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். எங்கள் வெங்காயத்தோல் ஸ்லைடு அப்படித்தான் நொறுங்கியது. நல்லவேளை, அதற்கு மாற்று சமையலறைக் கூடையிலேயே இருந்தது.