மேலே படம், கீழே எழுத்து: இரண்டாம் வகுப்புக்கு வாங்கிய டைரி நோட்டு

தண்டையார்பேட்டையில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். போன மே மாதம் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு மொத்தக் கடையில் இந்த நோட்டை 30 வாங்கினேன். ஒன்று 32 ரூபாய், 80 பக்கம். பக்கத்தின் மேல்பாதி வெறும் வெள்ளை, கீழ்ப்பாதியில் ஏழு கோடு. உச்சியில் தேதி, கிழமை எழுத இடம். பக்கத்திலேயே சிரிப்பு, அழுகை, கோபம் என்று மூன்று முகங்கள். வாரம் மூன்று நாள் எழுதி, அரையாண்டு விடுமுறைக்குள் பிள்ளைகள் நோட்டை முடித்துவிட்டார்கள்.

அந்த வெள்ளைப் பாதிக்காகத்தான் வாங்கினேன். முந்தைய வருடம் சாதாரணக் கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, நேற்று நடந்ததை எழுதச் சொன்னேன். வகுப்பு முழுக்க 'காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன்' என்று ஒரே டைரி. படமென்றால் அப்படி வராது. இந்த முறை முதல் இரண்டு வாரம் படம் மட்டும். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, 'இது யாரு, இங்க என்ன நடக்குது' என்று கேட்டு, பிள்ளை சொல்லச் சொல்ல நானே கீழே எழுதினேன். ஆகஸ்டில் பாதிப் பேர் என் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டார்கள்.

'எங்க ஆயா என்ன மார்க்கெட்டுக்கு இட்டுனு போச்சு' என்று ஒரு பெண் எழுதினாள். அதை 'அழைத்துச் சென்றார்' என்று நான் மாற்றவில்லை. அதற்குத் தமிழ்ப் பாட வேளை இருக்கிறது. டைரியில் சிவப்பு மை பட்டால் மறுநாள் அந்தப் பிள்ளை பல் துலக்கப் போய்விடும். திருத்தாமல், கீழே 'என்ன மீன் வாங்கினீங்க?' என்று மட்டும் கேட்டு வைத்தேன். அடுத்த முறை அதே பக்கத்தில் 'சங்கரா' என்று எழுதியிருந்தாள்.

மூன்று முகங்கள் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. ஜூன் முதல் வாரத்தில் காசிமேட்டுப் பையன் ஒருவன் கரையில் நிற்கும் படகை வரைந்து, சிரிக்கிற முகத்தை வட்டமிட்டிருந்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் வருமானம் இல்லாத நேரம், இவன் ஏன் சிரிக்கிறான் என்று கேட்டேன். 'அப்பா கடலுக்குப் போல டீச்சர், வூட்லயே இருக்காரு' என்றான். அந்த முகங்கள் இல்லாவிட்டால் நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

டைரி என்றாலே பெற்றோருக்கு வீட்டுப்பாடம் குறிக்கும் டைரிதான் நினைவுக்கு வருகிறது. அதனால் முதல் நாளே வகுப்பில் ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். 1709-இல் நம் பெரம்பூரில் பிறந்தவர், புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர் என்றேன். 'அவரு நோட்ல படம் போட இடம் இருந்துச்சா?' என்று பிள்ளைகள் கேட்டார்கள். பிறகு அவர்களே இதற்குக் 'கத நோட்டு' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

குறைகளும் உண்டு. பெரிய குறை கோடுதான். இரட்டைக் கோட்டில் பழகிய கைக்கு இந்த ஒற்றைக் கோடு நெருக்கம். 'ழு', 'ஞ' எல்லாம் கீழ்வரியில் போய் இடிக்கின்றன. ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொன்னேன். ஏழு கோடு நான்காகிவிட்டது. தாள் மெல்லிசு, ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறுகிறது, கிரேயான் பரவாயில்லை. அக்டோபரில் பின் கழன்று நடுத்தாள்கள் உதிர ஆரம்பித்தன. ஊசி நூல் எடுத்து வந்து ஒரு மதியம் உட்கார்ந்து 30 நோட்டையும் தைத்தேன். அட்டையில் பனி மூடிய வீடு. பழுப்பு அட்டை போட்டு அவரவர் வீட்டை வரையச் சொன்னேன்.

ஜனவரிக்கும் இதையேதான் வாங்கப் போகிறேன். இரட்டைக் கோடு போட்டு, நூலில் தைத்துக் கொடுத்தால் 45 ரூபாய் சொன்னாலும் கொடுப்பேன்.