வடகடல் நண்டு, தென்கடல் நண்டு: ஸ்டூடண்டா, வெல்ச்சா?

பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்களுக்கு வடகடல், தென்கடல். இரண்டிலும் நண்டு வலை விடுகிறார்கள். கால் ஒடியாமல் நண்டைக் கழற்றித் தராசில் வைத்ததும் ஒரு எண் கிடைக்கிறது. எந்தக் கடலில் சராசரி அதிகம்? கூட்டி வகுத்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்த வித்தியாசம் நிஜமா, அந்த வாரத்து அதிர்ஷ்டமா? அதைச் சோதிக்கும் புள்ளியியல் கணக்குதான் டி-டெஸ்ட். அதில் ஸ்டூடண்ட், வெல்ச் என்று இரண்டு முறை.

விளக்கத்துக்கு நானே வைத்த எண்கள் இவை. வடகடலில் 25 வள்ளம், சராசரி 9 கிலோ, திட்ட விலக்கம் (வள்ளத்துக்கு வள்ளம் உள்ள ஏற்ற இறக்கத்தின் அளவு) 2. தென்கடலில் 8 வள்ளம், சராசரி 12 கிலோ, திட்ட விலக்கம் 6.

முதலில் ஸ்டூடண்ட் முறை. டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் 1908-ல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. இரண்டு கடலிலும் ஏற்ற இறக்கம் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டு இரண்டையும் கலந்துவிடும். டி மதிப்பு 2.2, பி மதிப்பு (நிஜத்தில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதற்கு மேலோ தற்செயலாக வரும் வாய்ப்பு) சுமார் 0.035. வழக்கமான எல்லையான 0.05-க்குக் கீழே என்பதால் தென்கடல்தான் மேல் என்று தீர்ப்பு வந்துவிடுகிறது.

புள்ளியியலாளர் வெல்ச் 1947-ல் தந்த முறை கலப்பதில்லை. டி 1.39, பி சுமார் 0.20. அதே நண்டு, அதே தராசு!

நான் வெல்ச் பக்கம்தான். தென்கடலின் 8 வள்ளங்கள் ஒருநாள் அள்ளுகின்றன, ஒருநாள் வெறுங்கையோடு வருகின்றன. அந்தத் தள்ளாட்டத்தை வடகடலின் 25 நிதான வள்ளங்களோடு சேர்த்துக் கரைத்துவிட்டு வந்த 0.035-ஐ நம்பி ஒருவர் கடன் வாங்கிப் புது வலை போட்டால்? ஏற்ற இறக்கம் நிஜமாகவே சமமாக இருந்தாலும் வெல்ச்சால் பெரிய நஷ்டம் இல்லை. அதனால் 'முதலில் சமமா என்று சோதித்துவிட்டு முறையைத் தேர்ந்தெடு' என்ற சுற்றுவழியும் வேண்டாம். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் தானாகவே வெல்ச்சைத்தான் போடும். எக்ஸெலின் டி-டெஸ்ட் கணக்கில் வகை 3 கொடுக்க வேண்டும்.

அப்புறம், 0.20 என்றால் இரண்டு கடலும் சமம் என்று அர்த்தமில்லை. 8 வள்ளம் போதவில்லை, அவ்வளவுதான்.

மான்-விட்னி என்ற இன்னொரு சோதனை? அது கிலோவை விட்டுத் தரவரிசையைப் பார்ப்பது. ஒரு வள்ளம் 40 கிலோ கொண்டுவந்தாலும் அதற்கு முதலிடம் மட்டுமே. நமக்கு வேண்டியது சராசரி கிலோ என்பதால் இங்கே சேராது.

ஒரே வள்ளம் பழைய வலையும் புது வலையும் சேர்த்து விட்டால் ஸ்டூடண்டும் வேண்டாம், வெல்ச்சும் வேண்டாம். ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கும் ஜோடி டி-டெஸ்ட் போதும். அதற்கு எடைச் சீட்டில் வள்ளத்தின் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். கிலோவை மட்டும் எழுதி வைத்திருந்தால் ஜோடி சேர்க்க வழியில்லை.